கோவூர் நுழைந்த வாசல்



நாத்திகம் என்றதும் நம் நினைவில் எழுவது மேடையும் ஒலிபெருக்கியுமே. இலங்கையில் அது வேறொரு வாசலாலும் நுழைந்தது. கூரையில் கல் விழுகிறது, மகளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று கலங்கி நின்ற குடும்பங்களின் வீட்டு வாசல் அது. அவ்வழியே சென்றவர் ஆபிரகாம் கோவூர்.

1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர், கல்கத்தாவில் கற்று, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். விவிலிய பாடமும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதாம். மாணவர் யாவரும் சித்தியடைந்தனர். ஆயினும் அடுத்த ஆண்டு அப்பாடம் அவருக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் பரீட்சையில் தேறி, விசுவாசத்தில் தவறிவிட்டார்களே என்பது அதிபரின் கவலை என்று சொல்வார்கள்.

1959இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978 செப்டெம்பரில் அவர் இறக்கும் வரை அப்பணத்தை எவரும் வெல்லவில்லை. உண்டு என்பவரே நிரூபிக்க வேண்டும் என்பதே அவர் வாதத்தின் முதுகெலும்பு.

சவாலைவிட அவருடைய விசாரணைக் குறிப்புகளே நிலைத்தவை என்று நான் கருதுகிறேன். துப்பறியும் கதைபோல ஒரு மர்மத்தில் தொடங்குபவை அவை. முடிவிலோ குற்றவாளிக்குப் பதிலாக, வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தோடு ஒரு மனிதப் பிறவி நிற்கும். கலைஞரை ஈர்த்ததும் இதுவே. அவரது குறிப்பொன்று 1972இல் 'புனர்ஜென்மம்' என்ற மலையாளப் படமாகவும், 1973இல் தமிழில் 'மறுபிறவி'யாகவும் திரைக்கு வந்தது.

அவர் கையாண்ட மனோவசியமும் நோயாளியின் நம்பிக்கையால்தானே பலித்தது, பேயோட்டியிலிருந்து அவர் எவ்வாறு வேறுபட்டார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேயோட்டி தன் வித்தையை மறைப்பான். கோவூர் தம் வழிமுறையை எழுதி அச்சிட்டார். பேயோட்டி பழியை ஆவிமேல் போடுவதால் அந்தப் பெண்ணின் உண்மையான குறை அப்படியே கிடக்கும். கோவூர் அந்தக் குறை எதுவென்று விசாரித்தார்.

1974இல் மனைவி காலமானபோது, சடங்கின்றி உடலை மருத்துவக் கல்விக்குக் கொடுத்தார். தமக்கும் அதையே விதித்தார். கண்கள் பார்வையற்றோருக்கு, எலும்புக்கூடு தாம் படிப்பித்த தேர்ஸ்டன் கல்லூரிக்கு என்று எழுதிவைத்தார். மறுமையை நம்பாத ஒருவர் மற்றவர்க்குச் செய்யக்கூடியது என்ன என்பதற்கு இது ஒரு பதில்.

கடவுளை நம்புவோர் அவரோடு உடன்பட வேண்டியதில்லை. ஆனாலும் பேயாடும் பெண்ணை வேப்பிலையால் அடிக்குமுன், "பிள்ளை, உனக்கு என்ன கஷ்டம்?" என்று ஒருதரம் கேட்கலாம். அதற்கு நாத்திகராக வேண்டியதில்லை, நேயர்களே.