ஹாப்ஸன்-ஜாப்ஸன்: ஒரு சொல்லின் சரித்திரம்

ஆங்கிலத்தில் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்றொரு சொல் உண்டு. பேச்சில் அது செத்து வெகுகாலமாகிறது. ஹென்றி யூலும் ஏ. ஸி. பர்னெலும் தொகுத்து 1886ல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதிக்குத் தலைப்பாகிவிட்டதால் பிழைத்துக் கிடக்கிறது. தொகுத்தவர்களின் பெயர்தான் இது என்று முதலில் நானும் நினைத்திருந்தேன்.

மூலம் அரபி. ‘யா ஹசன்! யா ஹுசைன்!’ என்று மொகரத்தில் ஷியாக்கள் மார்பில் அறைந்துகொண்டு எழுப்பும் ஓலம். ‘யா’ என்பது விளி. நபியின் பேரர் ஹுசைன் 680ல் கர்பலாவில் கொல்லப்பட்டார். அவரையும் அவருக்கு முன்பே இறந்துவிட்ட அண்ணன் ஹசனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுகிறார்கள். இந்த ஓலம் ஐரோப்பியக் காதுகளில் பட்ட பாட்டை யூல் வரிசைப்படுத்துகிறார்: ஹொசீன் கொசீன், ஹொஸி கொஸி, ஹொசைன் ஜொசன். கடைசியில் இந்தியாவிலிருந்த வெள்ளைச் சிப்பாய்களின் வாயில் ஹாப்ஸன்-ஜாப்ஸன். ஹாப்ஸனும் ஜாப்ஸனும் இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பப் பெயர்கள்.

பிற்பாடு மொழியியலார் இதை ஒரு விதியாக்கினார்கள். அந்நியச் சொல்லை வாங்கும் மொழி தன் ஒலிகளுக்கும் தனக்குப் பழகிய சொற்களுக்கும் ஏற்ப அதை வளைத்துக்கொள்வது ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன் விதி’. ஸ்பானிஷ் ‘குகராச்சா’ ஆங்கிலத்தில் ‘காக்ரோச்’ ஆனது இப்படித்தான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வங்கியில் தினமும் நான் எழுதுகிற வசூல், பாக்கி, ரத்து, ஜாமீன் எல்லாம் அரபியில் பிறந்தவை. ஜாமீனின் முதல் ஒலி அரபியில் வேறு. பாரசீகம் வழியாக வந்து நம்மிடம் ‘ஜ’ ஆயிற்று. யாரையும் இது புண்படுத்துவதில்லை.

ஆனால் ஹாப்ஸன்-ஜாப்ஸன் விஷயத்தில் ஒலி விதி பாதியைத்தான் விளக்குகிறது. மீதி, அர்த்தத்தில் இருக்கிறது. அகராதி இச்சொல்லுக்குத் தரும் பொருள், சுதேசிகளின் திருவிழா ஆரவாரம், ஒரு தமாஷா, குறிப்பாக மொகரச் சடங்குகள் என்பது. துக்கம் அந்தப் பொருளில் இல்லை. ஹுசைன் ஜாப்ஸன் ஆனதற்கு நாக்கு காரணமாக இருக்கலாம். இழவு தமாஷாவானதற்கு நாக்கு காரணமில்லை.

தமிழர்களுக்கு இது எளிதில் விளங்க வேண்டும். ‘கவிதை கிவிதை எல்லாம் எழுதுவீர்களாமே’ என்று ஒருவர் கேட்டால், நாம் எழுதுவதை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்பது அந்தக் ‘கிவிதை’யில் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் எதுகை இரட்டைகளில் பல கேலிக்கும் குளறுபடிக்கும் உரியவை. ஹோகஸ்-போகஸ் ஓர் உதாரணம். இரண்டு மனிதர்களின் பெயர்கள் அந்த அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒலிக்குள் போனபின் துக்கம் கேட்க வழியில்லை.

யூல் இதை அறியாதவரல்ல. மூலத்தை விளக்கி, பழைய மேற்கோள்களை ஆண்டுவாரியாக அடுக்கித் தருகிறவர் அவர்தான். அந்த நேர்மை இல்லையென்றால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க முடியாது. தெரிந்தும், இவ்வகைச் சொற்களுக்கு நல்ல மாதிரி என்று இதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். புலமைக்கும் காது மந்தமாகும் இடம் உண்டு போலிருக்கிறது.

பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனையின் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். புத்தகம் வெளிவருமுன், 1882ல் இறந்துவிட்டார். அந்தத் தஞ்சைப் பக்கத்திலேயே, இந்துக்கள் மொகரத்தை ‘அல்லாப் பண்டிகை’ என்று கொண்டாடித் தீமிதிக்கும் கிராமங்கள் இன்றும் உண்டு. துக்க நாளைப் பண்டிகை என்பதும் தவறாகக் கேட்டதுதான். ஆனால் அந்தத் தவறான கேள்வியில் ஏளனம் இல்லை. விரதமிருந்து, அந்த நெருப்பில் தாங்களும் இறங்குகிறார்கள். சிப்பாய் ஓரமாக நின்று பார்த்தான். இரண்டையும் ஒரே விதியில் அடக்குவது மொழியியலுக்குச் சரியாக இருக்கலாம். விமர்சகனுக்கு அது போதாது.