ராட்சத பலூனில் ஒன்பது பேர்

சென்ற மாதம் பிரான்சிலிருந்து மகள் பேசினாள். "அடுத்த கோடையில் ரெண்டு பேரும் வந்தீங்கன்னா, லுவார் நதிப் பக்கம் பலூன்ல ஏத்திவிடறேன் அப்பா" என்றாள். என் மனைவி உடனே சரி சொல்லிவிட்டாள். எனக்கு நதார் ஞாபகம் வந்துவிட்டார்.

நாடார் அல்ல, நதார். பாரிஸின் பெரிய புகைப்படக்காரர். எங்கள் பள்ளியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். வாசகப் புத்தகத்தில் கவிஞர் பொதலேர் முறைத்துக்கொண்டிருப்பார். படத்தின் கீழே பொடி எழுத்தில் இந்தப் பெயர் இருக்கும். அவருக்குப் பலூன் பைத்தியமும் உண்டு என்று பின்னால்தான் படித்தேன்.

பலூனில் ஆட்களை ஏற்றி அடிபட வைத்த கதை அவருக்கும் முந்தியது. 1784 ஜனவரி 19 அன்று லியோன் நகரில் வெப்பக் காற்று பலூன் ஒன்று ஏழு பேருடன் கிளம்பியது. ஆறு பேர் பெரிய இடத்து மனிதர்கள். ஏழாமவர் ஃபோந்தேன், கடைசி நிமிடத்தில் எகிறிக் குதித்து ஏறிக்கொண்டவர். மேலே போனதும் துணி கிழிந்து, வேகமாகக் கீழே வந்து மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

நதார் 1863இல் செய்த பலூனுக்கு 'ழெயான்', அதாவது ராட்சதன் என்று பெயர். கொள்ளளவு 6000 கன மீட்டர். நிலக்கரி வாயு நிரப்பியது. பிரம்பால் பின்னிய கூடைக்கு இரண்டு மாடி! இதில் ஒரு வேடிக்கை: பலூனுக்கு எதிர்காலமே இல்லை, காற்றைவிடக் கனமான இயந்திரம்தான் பறக்கும் என்பது நதாரின் கட்சி. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டத்தான் இந்தப் பலூனே.

அக்டோபர் 18 அன்று பாரிஸிலிருந்து ஒன்பது பேர் கிளம்பினார்கள். நதாரின் மனைவி எர்னெஸ்தீனும் அதில் ஒருவர். இரவு முழுக்கப் பறந்து, 600 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து, காலையில் ஜெர்மனியின் ஹனோவர் ராஜ்யத்தில் இறங்கப் பார்த்தார்கள். பலமான காற்று. நங்கூரங்கள் நிற்கவில்லை. அவ்வளவு பெரிய பையிலிருந்து வால்வு வழியாக வாயு எத்தனை நேரத்தில் வெளியேறும்? பலூன் பாய்மரம் போலக் காற்றை வாங்கிக்கொண்டு, கூடையைத் தரையில் அடித்து அடித்து இழுத்துக்கொண்டு ஓடியது. தந்திக் கம்பிகளை அறுத்தது. எதிரே ரயில் வந்தது. ஓட்டுநர் நிறுத்தியதால் தப்பினார்கள். கடைசியில் மரங்களில் சிக்கித்தான் நின்றது.

ஒருவருக்குக் கை எலும்பு முறிந்தது. நதாருக்குக் காலில் பலத்த அடி. எர்னெஸ்தீன் கூடைக்கு அடியில் அகப்பட்டு நசுங்கி மிகவும் துன்பப்பட்டார். ஒருவரும் சாகவில்லை என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. "நான் அப்போதே சொன்னேனே, பலூனை ஓட்ட முடியாது" என்று நதார் அதையும் தன் கட்சிக்குச் சாட்சியாக்கிக்கொண்டார். மனைவியிடம் அதை எந்த முகத்தோடு சொன்னாரோ!

இப்போது பலூனின் உச்சியைத் திறந்து காற்றைச் சட்டென்று வெளியேற்றிவிடலாம். ஆனாலும் அடிபடுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்; கணுக்கால், முழங்கால், முதுகு. அதனால்தான் முழங்காலைச் சற்று மடக்கு, உள்ளே இருக்கும் கயிற்றைப் பிடி, கூடை நிற்கும்வரை வெளியே காலை வைக்காதே என்று முன்கூட்டியே பாடம் நடத்துகிறார்கள்.

இத்தனையும் மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "முட்டி ஆபரேஷன் ஆனது யாருக்கு? உங்களுக்குத்தானே? நீங்க கீழே நின்னு போட்டோ எடுங்க."

மகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.