வாசித்து முடிக்கும் வரை

திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் வட்டாரத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் நான். மேடையோரம் அகுஜா ஆம்ப்ளிஃபையர், அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதுதான் என் இடம். அங்கிருந்து பேசுகிறவர் முகமும் தெரியும், கேட்கிறவர் முகமும் தெரியும். ஊர் கூடிப் பேசும்போது யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், நிறுத்தச் சொல்ல யாருக்கு உரிமை என்ற முறைகள் எங்கள் பக்கம் எப்படியெல்லாம் மாறின என்பதை அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

முதலில் கேட் மீட்டிங். விம்கோ, என்ஃபீல்டு, அசோக் லேலண்ட் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் இருந்த ஊர் இது. ஒரு ஷிஃப்ட் வெளியே வர, அடுத்தது உள்ளே போக, நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் கூட்டம் நடக்கும். சங்கச் செயலாளர் பேசுவார். நேரமிருந்தால் இன்னொருவர். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எதிரே டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அதை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

தெருமுனைக் கூட்டம் வேறு மாதிரி. பேச்சு நீண்டால் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புவார். பேச்சாளர் அதைப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொடருவார். இரண்டாவது சீட்டுக்குத்தான் அசைவார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை போட்ட பிறகு, சீட்டின் வேலையைக் கடிகாரம் எடுத்துக்கொண்டது. பத்து மணி நெருங்கும்போது போலீஸ்காரர் என்னைப் பார்ப்பார், நான் தலைவரைப் பார்ப்பேன்.

குப்பங்களில் ஊர்க்கூட்டத்துக்கு மைக் வேண்டியதில்லை. திருவிழாவுக்கு செட் கட்டப் போன நாட்களில் ஓரமாக நின்று கேட்டிருக்கிறேன். கோயிலுக்கு முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வரக்கூடாது. வாய் தவறிக் கெட்ட வார்த்தை விழுந்தால் தெண்டம். அவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் சுமந்து, விற்றுக் காசாக்கி வீட்டை நடத்துகிற பெண்கள் தள்ளி நின்றுதான் கேட்பார்கள். அவர்களைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். ஊரில் பாதிப் பேரின் பேச்சு இல்லாமலேயே கூட்டம் முடிந்து முடிவும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது அன்றும் சரியாகப் படவில்லை.

அந்தப் பெண்கள் மைக்கைப் பிடித்து நான் முதலில் பார்த்தது, ஒரு திட்டம் வருமுன் ஊர் மக்களைக் கேட்கிற கருத்துக் கேட்புக் கூட்டத்தில்தான். 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1994-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. மக்களைக் கூட்டிக் கேட்பது கட்டாயமானது 1997 ஏப்ரலில் வந்த திருத்தத்தால். அப்போது கேட்கும் குழுவில் ஆட்சியர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் ஆகியோரோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூன்று பேர் வரை, அந்தப் பகுதியின் மூத்த குடிமக்கள் மூன்று பேர் வரை உட்காரலாம். 2006 செப்டம்பரில் வந்த புதிய அறிவிக்கையில் அந்தக் குழு இல்லை. ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் தகுதிக்குக் குறையாத அதிகாரி தலைமை, வாரியத்தின் ஆள் துணை, அவ்வளவுதான். பெரியவர்களை மேடையிலிருந்து இறக்கிய அந்த மாற்றத்தை நான் இன்றுவரை ஏற்கவில்லை. ஊர்ப் பெரியவர் "உக்காருப்பா" என்றால் உட்காருகிற பையன், அதிகாரி சொன்னால் இன்னும் சத்தமாகக் கத்துவான். கூட்டத்தை நடத்துகிறவருக்கு நாற்காலி மட்டும் போதாது, கூட்டத்துக்கு அவரைத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

இன்னொரு சிக்கல், யார் உள்ளூர்க்காரர் என்பது. அந்த இடத்தில் பாதிக்கப்படுகிறவர்கள் நேரில் பேசலாம், அக்கறையுள்ள மற்றவர்கள் எழுதி அனுப்பலாம் என்கிறது 2006 விதி. காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தால் காட்டுக்குப்பத்துக்காரருக்கும் கேடு, கழிமுகத்துக்கு அக்கரையில் இருப்பவருக்கும் கேடு. ஒருவர் மைக்கில் "நீ எந்த ஊரு?" என்று கேட்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். 2024 டிசம்பரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்காக எர்ணாவூரில் நடந்த கூட்டத்துக்குக் கேட்கிறவனாகப் போயிருந்தேன். அனல் பறந்தது. நாற்பது ஐம்பது வருஷமாகப் புகையும் சாம்பலும் தின்றவர்கள் குரலை உயர்த்தினால் அதில் என்ன தவறு? சத்தத்தைக் கண்டு நான் பயந்ததே இல்லை. வால்யூம் என் கையில் இருந்தது, குறைத்தால் குறையும்.

என் பயமெல்லாம் எழுதுகிற இடத்தில். பேசியதையெல்லாம் சுருக்கமாகப் பதிந்து, கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கி, அதன் பிறகே ஆட்சியர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த அறிவிக்கையிலேயே மிக நல்ல வரி அதுதான் என்பேன். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு மட்டும் அதில் கிடையாது. காலையில் நிரம்பியிருந்த பந்தல் சாயங்காலம் காலியாகிவிடும். சந்தைக்குப் போகிறவள் போய்விடுவாள், தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கிறவள் போய்விடுவாள். காலி நாற்காலிகளுக்கு வாசித்தாலும் வாசித்த கணக்குதான்.

அதனால் எனக்கென்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு குழாய் ஸ்பீக்கரைப் பந்தலுக்கு வெளியே, குப்பத்துப் பக்கம் திருப்பிக் கட்டுவேன். கடைசி வரி வாசிக்கும் வரை ஒயரைச் சுருட்ட மாட்டேன். ஒருமுறை வாசிக்கும்போது, "மீன்வளம் பாதிக்கப்படும் எனத் தெரிவித்தார்" என்று ஒரு வரி வந்தது. பந்தலுக்கு வெளியிலிருந்து ஒரு அம்மா வேகமாக உள்ளே வந்தார். காலையில் வெகுநேரம் பேசியவர்.

"மீனுன்னு நான் சொல்லல சார். எறான்னு சொன்னேன். ஆத்துல எறங்கி கையால தடவிப் புடிக்கிற எறா. இப்ப தடவுனா சாம்பல்தான் வருது. அப்படியே எழுதுங்க."

நான் மைக்கைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அதிகாரி வாசிப்பதை நிறுத்தி, அந்த வரியை அடித்துவிட்டு, "எந்த இடத்துலம்மா?" என்று கேட்டு எழுதத் தொடங்கினார்.