வரண்ட பள்ளத்தாக்கும் செவ்வாயும்: ஒரு விவாதத்தின் வரலாறு

அந்தாட்டிக்காவின் வரண்ட பள்ளத்தாக்குகள், பூமியில் செவ்வாயைப் பெரிதும் ஒத்த நிலப்பரப்பெனக் கருதப்பட்டவை. செவ்வாயில் உயிர் தேடும் திட்டம் உருவாகிய காலத்தில் அவற்றின் மண் நுணுகி ஆராயப்பட்டமைக்குக் காரணம் அதுவே. 1972இல் நோர்மன் ஹொரோவிற்ஸும் சகாக்களும் அம்மண் மாதிரிகள் சிலவற்றில் நுண்ணங்கிகள் எவையும் வளரவில்லை என அறிவித்தனர். பூமியிலேயே உயிர் தோல்வியுற்ற இடம் உண்டெனின், அதனினும் கொடிய செவ்வாயில் அதனை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

ரொச்செஸ்ரர் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் வுல்ஃப் விஷ்னியக் இதனை ஏற்கவில்லை. மண்ணை அது கிடந்த இடத்திலேயே ஆராய்ந்த அவர், அங்கு நுண்ணங்கிகள் பெருகுவதைக் கண்டார். அவருக்கு இவ்விவாதத்தில் சொந்த இழப்பொன்றும் இருந்தது. செவ்வாய் மண்ணைப் போசணைக் கரைசலில் இட்டு, அது கலங்குகின்றதா என நோக்குவதற்கு அவர் அமைத்த 'ஓநாய்ப்பொறி' (வுல்ஃப் என்பதன் பொருளும் ஓநாயே) வைக்கிங் திட்டத்திலிருந்து 1972இல் நீக்கப்பட்டது. வரட்சிக்குப் பழகிய உயிரை நீர்க்கரைசலே கொன்றுவிடலாம் என்ற ஆட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் கருவியை வெளியேற்றியதில் வரவுசெலவுக் கணக்கின் பங்கே பெரிது.

1973 டிசெம்பர் 10ஆம் நாள், ஆஸ்கார்ட் மலைத்தொடரில் தாம் வைத்த மாதிரிகளை மீட்கச் சென்ற விஷ்னியக், சரிவொன்றில் வீழ்ந்து மாண்டார். அவர் சேகரித்திருந்த பாறைத் துண்டுகளை அவருடைய மனைவி இம்ரே பிரீட்மனுக்கு அனுப்பிவைத்தார். பிரீட்மன், நெகேவ் பாலைவனப் பாறைகளுள் அல்காக்களை ஏலவே கண்டறிந்தவர். அந்தாட்டிக்க மணற்கல்லின் மேற்பரப்புக்குச் சில மில்லிமீற்றர் கீழே அவர் கண்டது உயிருள்ள நீலப்பச்சை அல்காக்களின் படையாகும். கோடை வெயில் பாறையைச் சூழவுள்ள வளியிலும் வெப்பமாக்குகின்றது; உருகும் பனிநீரை நுண்டுளைகள் தேக்கிவைக்கின்றன; மணிகளூடே சிறிதளவு ஒளியும் ஊடுருவுகின்றது. மண்ணையே துருவிய ஆய்வாளர் அனைவரும் கல்லைத் தாண்டிச் சென்றிருந்தனர்.

இக்கண்டுபிடிப்பு 1976 செப்தெம்பரில் வெளியாகியது. அதற்கு இரு மாதங்கள் முன்னரே, யூலை 20இல், வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கிவிட்டது. அது அள்ளியதும் மண்ணையே. கதிரியக்கக் காபன் கலந்த போசணையை இட்டபோது வாயு வெளிப்பட்டது. எனினும் மண்ணைச் சூடாக்கிய கருவி செவ்வாய்க்குரிய சேதனச் சேர்வை எதனையும் காட்டவில்லை. உயிரில்லை என்ற தீர்ப்பே பெரும்பான்மையோரிடம் நிலைத்தது. 2008இல் பீனிக்ஸ் கலம் அம்மண்ணில் பேர்க்குளோரேற்றுக் கண்டது. சூடேறும்போது அது சேதனச் சேர்வைகளை அழிக்கவல்லது. ஆதலின் 1976ஆம் ஆண்டின் எதிர்மறை விடை மீண்டும் விவாதத்துக்கு உள்ளாகியது. உயிருக்கான சான்று இதனாற் கிடைத்துவிட்டதெனக் கொள்வதற்கில்லை. கேல் பள்ளத்தின் தொன்மையான சேற்றுப்பாறையைத் துளையிட்ட கியூரியோசிற்றி ஊர்தி, அதனுள் சேதனச் சேர்வைகள் எஞ்சியிருந்தமையைக் காட்டியதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. இம்முறை ஆராயப்பட்டது கல்லின் உட்புறம்.