பவர் ஸ்டீயரிங் இரைச்சல்: வரலாறும் காரணமும்

காரைத் திருப்பும்போது ஓட்டுநரின் கைவலிமைக்குத் துணையாக எண்ணெயின் அழுத்தத்தைப் பயன்படுத்தும் அமைப்பே வழக்கமான பவர் ஸ்டீயரிங் ஆகும். நல்ல நிலையில் இது இருப்பதே தெரியாது. கெடத் தொடங்கினால் முனகும், ஊளையிடும், கிறீச்சிடும். இந்த ஒலிகளில் முக்கியமானவை ஏன் எழுகின்றன என்பதை அறிய, இது உருவான கதையிலிருந்து தொடங்குவது நல்லது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் பணியாற்றினார். கனமான லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அவர் அங்கே நேரில் பார்த்தார். 1920களின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ஒரு பட்டறை அமைத்தார். ஜார்ஜ் ஜெசப் என்ற தொழில்நுட்பக் கைவினைஞர் அவருக்குத் துணைநின்றார். அக்காலத்து எண்ணெய் அழுத்த இயந்திரங்களில் வால்வு மூடியே இருக்கும்; அழுத்தம் எப்போதும் உள்ளே தேங்கி நிற்கும். அதனால் இணைப்புகளில் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. டேவிஸ் இதைத் தலைகீழாக மாற்றினார். வால்வு திறந்தே இருக்கட்டும், எண்ணெய் தடையின்றிச் சுற்றி வரட்டும், ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும் அந்நொடியில் மட்டும் வழி குறுகி அழுத்தம் எழட்டும் என்பதே அவருடைய கருத்து. பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் இப்படித்தான், சொன்ன பிறகு எளிதாகத் தோன்றுபவை.

1926-இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் இதைப் பொருத்தி டெட்ராயிட் நகரில் ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்வம் காட்டி ஒப்பந்தமும் செய்தது. ஆனால் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் உற்பத்திச் செலவுக்கு அஞ்சி, 1934-இல் திட்டத்தைக் கைவிட்டது. இரண்டாம் உலகப் போர்தான் இதற்கு வாழ்வு கொடுத்தது: ஆயிரக்கணக்கான கனரக இராணுவ வண்டிகளில் டேவிஸின் அமைப்பு பொருத்தப்பட்டது. 1951-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் ‘ஹைட்ராகைடு’ என்ற பெயரில் பவர் ஸ்டீயரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது டேவிஸின் காலாவதியான காப்புரிமைகளை அடிப்படையாகக் கொண்டது. கால் நூற்றாண்டு உழைத்தவருக்கு முன்னால் வேறொருவர் சந்தையை அடைந்துவிட்டார். மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸும் களத்தில் இறங்கியது.

டேவிஸின் முறையில் எண்ணெய் ஓயாமல் சுற்ற வேண்டும். ஆகவே எஞ்சினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்ட பம்பு, வண்டி நேரே போகும்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். ஊளைச் சத்தம் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

சத்தத்தின் மூலம் பெரும்பாலும் குமிழிகள். இந்தச் சிக்கலைக் கப்பல்காரர்கள் முன்பே சந்தித்திருந்தனர். 1894-இல் ‘டேரிங்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் சோதனை ஓட்டத்தில் எதிர்பார்த்த வேகம் கிட்டவில்லை; அதன் சுழலியைச் சுற்றி வெற்றிடக் குமிழிகள் தோன்றியதே காரணம் எனக் கண்டனர். அத்தகைய குமிழி நசுங்கும்போது எவ்வளவு அழுத்தம் எழும் என்பதை ராலே பிரபு 1917-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஸ்டீயரிங் பம்பிலும் இதுவே நடக்கிறது. போதிய எண்ணெய் வந்து சேராவிட்டால் உறிஞ்சும் பக்கத்தில் குமிழிகள் பிறந்து, அழுத்தப் பக்கத்தில் நசுங்குகின்றன. வெளிக்காற்று புகுந்து எண்ணெய் நுரைத்தாலும் ஏறத்தாழ அதே முனகல்தான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்த் தொட்டியை. அளவு குறைந்திருக்கிறதா, எண்ணெய் நுரைத்துப் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. அளவு சரியாக இருந்தும் நுரை இருந்தால், தொட்டியிலிருந்து பம்புக்குச் செல்லும் ரப்பர் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருப்பதால், தளர்ந்த கிளாம்ப் வழியே காற்று உள்ளே போகும். எண்ணெய் வெளியே சொட்டாமலும் இருக்கலாம். கசிவு கண்ணில் படாததால் பம்பே கெட்டது என்று முடிவு கட்டி, சில நூறு ரூபாய் வேலைக்குப் பல ஆயிரம் செலவழிப்பவர்கள் உண்டு. குழாயைச் சரிசெய்த பின் முன்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கித் தாங்குகட்டை வைத்து, எஞ்சினை அணைத்த நிலையில், ஸ்டீயரிங்கை இரு கோடிகளுக்கும் மெதுவாகப் பலமுறை திருப்பினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். இடையிடையே எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும். இதற்குப் பிறகும் ஊளை நீடித்தால்தான் பம்பைக் கழற்ற வேண்டும்.

முழுதும் திருப்பும்போது எழும் கிறீச்சொலி பெல்ட்டினுடையது. அது தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். கோடிவரை திருப்பிப் பிடித்தால் கேட்கும் ‘உஸ்’ ஒலி, அழுத்தம் தணிக்கும் வால்வு திறப்பதால் வருவது. அது பழுதன்று, ஆனாலும் சில நொடிகளுக்கு மேல் அப்படிப் பிடிப்பது பம்புக்கு நல்லதல்ல. மேடுபள்ளத்தில் கேட்கும் ‘டொக் டொக்’ ஒலிக்கும் பம்புக்கும் சம்பந்தமில்லை. தேய்ந்த மூட்டுகளைத் தேட வேண்டும்.

எந்த எண்ணெய் ஊற்றுவது என்பது அற்பமான கேள்வியன்று. பிரேக் எண்ணெயைத் தவறி ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். பிரான்சின் சிட்ரோயன் டி.எஸ். கார் (1955) ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றுக்கும் ஒரே எண்ணெயைப் பயன்படுத்தியது. 1960களின் நடுவில் அந்நிறுவனம் பழைய எண்ணெயை விட்டுப் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறியது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் சீல்கள் பாழாயின. அக்காரில் அழுத்தம் சேமித்தே வைக்கப்பட்டது. குறைந்ததும் அழுத்தச் சீராக்கி ‘டிக்’ என்று ஒலிக்கும். இரு ‘டிக்’குகளுக்கு இடையே எத்தனை நொடி என்று எண்ணியே அதன் உரிமையாளர்கள் காரின் உடல்நிலையைக் கணித்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியது; ரானே குழுமம் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து விராலிமலையில் ஸ்டீயரிங் கியர்களைத் தயாரித்தது. இதற்கிடையே ஜப்பானில் 1988-இல் சுசூகி செர்வோ காரில் மின்மோட்டார் பவர் ஸ்டீயரிங் வந்தது. மோட்டார் தேவைப்படும்போது மட்டும் இயங்குவதால் எரிபொருள் மிச்சமாகிறது. எண்ணெயும் இல்லை, நுரையும் இல்லை. இன்றைய சிறு கார்களில் ஊளை கேட்காததற்குக் காரணம் அதுவே. பேருந்துகளிலும் லாரிகளிலும் எண்ணெய்ப் பம்புகள் இன்றும் பெருமளவில் சுழல்கின்றன.