நெத்திக்கு நேரா வர்றத யாரு சொல்லுவா?

காலேஜ் படிக்கிற காலத்துல பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பார்வையற்ற அண்ணாச்சி ரோட்டக் கடக்க நின்னுக்கிட்டிருந்தார். உதவுறதா நெனச்சு கையப் பிடிச்சு இழுத்துட்டேன். "தம்பி, நீங்க என்னப் பிடிக்க வேண்டாம். நான் உங்க முழங்கையப் பிடிச்சுக்கிடுதேன்" என்றார். நெற்றியில பெரிய தழும்பு. நின்ன லாரியோட பின்கதவு இடிச்சதாம். "தரையில கெடக்கிறத கம்பு சொல்லிரும். நெத்திக்கு நேரா வர்றத யாரு சொல்லுவா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால ஒரு பெரிய வரலாறே இருக்குங்க.

நம்ம பாளையங்கோட்டையில பார்வையற்றோர் பள்ளிய ஆஸ்க்வித் அம்மையார் ஆரம்பிச்சது 1890ல. அப்போ வெள்ளைக் கம்பே கிடையாது! பிரிஸ்டல்ல ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் தன் கைத்தடிக்கு வெள்ளையடிச்சது 1921லதான். அதுவும் வண்டிக்காரங்க கண்ணுக்குத் தெரியணும்னுதான். கம்பு வழி காட்ட ஆரம்பிச்சது இரண்டாம் உலகப்போர் சமயம். போர்ல பார்வை போன வீரர்களுக்காக அமெரிக்காவுல ரிச்சர்ட் ஹூவர் நீளமான கம்பும், அத வீசி நடக்குற முறையும் கொண்டாந்தார். இடது கால் முன்ன போகும்போது கம்பு வலப்பக்கம் தட்டும். அதாவது, அடுத்த கால் விழப்போற இடத்த முன்னாடியே பார்த்துடும். எளிமையான விஷயம்தான், ஆனா எம்மாம் பெரிய யோசனை!

பள்ளம், படி, சாக்கடை எல்லாம் கம்புக்குத் தெரியும். இடுப்புக்கு மேல? 1960கள்லயே லெஸ்லி கே வௌவால் மாதிரி மீயொலி அனுப்பி எதிரொலி கேக்குற டார்ச் செஞ்சார். அதுக்கப்புறம் வந்த வெளிநாட்டுக் கருவிகளோட விலையக் கேட்டா நமக்குத் தலை சுத்தும்.

டில்லி ஐஐடியில பேராசிரியர் பாலகிருஷ்ணன் குழு உருவாக்கின ஸ்மார்ட்கேன் 2014ல வெளிவந்துச்சு. தயாரிச்சது நம்ம சென்னையில இருக்கிற ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். விலை அப்போ சுமார் 3,000 ரூபாய். கம்போட கைப்பிடியில மாட்டிக்கலாம். முழங்காலுக்கு மேல தலை வரைக்கும், 3 மீட்டருக்குள்ள எது இருந்தாலும் கைப்பிடி அதிரும். கிட்டப் போகப் போக அதிர்வு மாறும். காதுல சத்தம் போடாது, ஏன்னா ரோட்டுச் சத்தம் கேக்க அவங்களுக்குக் காது வேணும். பள்ளத்தக் கம்பு பாத்துக்கும், நெற்றியக் கருவி பாத்துக்கும். அண்ணாச்சி கேள்விக்கு அச்சு அசலா பதில்!

இப்போ செல்போன்ல ஜிபிஎஸ் வழி சொல்லுது. நல்லதுதான். ஆனா சில மீட்டர் பிசகும். நமக்கு அது ஒண்ணுமில்ல. அவங்களுக்கு அது நடைபாதைக்கும் நடுரோட்டுக்கும் உள்ள தூரம்.

ஒண்ணு மட்டும் உறுத்துது. நடைபாதையில தலை உயரத்துல தொங்குற போர்டும், குறுக்க நிறுத்தின பைக்கும் நாம வெச்சதுதானே? அதக் கண்டுபிடிக்க ஒரு கருவி, அதுக்கு ஒரு ஆராய்ச்சி... எடுத்து ஓரமா வைக்க ஒரு நிமிஷம் போதும்.

அடுத்த தடவை யாராவது ரோட்டோரம் கம்போட நின்னா, கையப் பிடிச்சு இழுக்காதீங்க மக்கா. கேட்டுட்டு முழங்கையக் குடுங்க. நான் திட்டு வாங்காமப் படிச்ச பாடம் :-)