கடாரத்துக் கள்ளும் தொண்டர் படையும்

கடாரம் என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் இராசேந்திர சோழன். செமிலிங்கை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களைக் காண்போர், அவன் 1025ஆம் ஆண்டில் கடல் கடந்து வந்ததையே நினைவுகூர்வர். அதே வட்டாரத்துத் தோட்டங்களில் 1947ஆம் ஆண்டில் தமிழர் தொடுத்த மற்றொரு போர் அத்துணை பேசப்படுவதில்லை. அது கள்ளுக்கடையின்மீது தொடுத்த போர்.

தம் நாட்டில் வடிக்கும் மதுவை நாட்டுப் பெருமையாகக் கொள்ளும் வழக்கம் உலகில் பல இடங்களில் உண்டு. மலாயாவிலும் அது நேர்ந்தது. பிரேசர் நீவ் நிறுவனமும் ஹாலந்து நாட்டு ஹைனக்கனும் கூடி 1931இல் மலாயன் புரூவரீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. மறு ஆண்டே சிங்கப்பூரில் டைகர் பீர் வெளிவந்தது. வெள்ளையர் முதலில் பிறந்த அப்பீர், அவர்கள் ஆட்சி மறைந்த பின்னர் உள்ளூர்ச் சரக்கென்னும் பெருமையோடு உலகெங்கும் போகிறது. கள்ளுக்கோ அந்த வாழ்வு வாய்க்கவில்லை. காரணம் அதன் இயல்பிலேயே ஓரளவு உண்டு. பாளையிலிருந்து இறக்கிய சில மணி நேரத்தில் கள் பொங்கிவிடும். மறுநாளுக்குள் புளித்துக் காடியாகத் தொடங்கும். புட்டியில் அடைபட்டுக் கப்பலேறும் பீரைப்போல் அது தொலைவு செல்லாது. இறக்கும் இடத்திலேயே, அன்றன்றே குடித்தாக வேண்டும். ஆகவே கடையும் தோட்டத்திற்குள்ளேயே, லயத்திற்கு எட்டிய இடத்திலேயே அமைந்தது.

1909இல் சயாமியர் பிடியிலிருந்து ஆங்கிலேயர் மேற்பார்வைக்கு மாறிய கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டத் தமிழகத்துத் தொழிலாளர் வந்தனர். உரிமம் பெற்ற கள்ளுக்கடையும் உடன் வந்தது. கடையின் ஆதாயத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்று நிருவாகங்கள் வாதிட்டன. தொழிலாளியின் காசைக் கொண்டே தொழிலாளிக்கு அறம் செய்தது விந்தையான அறந்தான்! கள்ளை நிறுத்தினால் திருட்டுச் சம்சு பெருகும் என்பது மற்றொரு வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை.

எதிர்ப்புணர்ச்சி ஒரே நாளில் முளைத்ததன்று. 1921இல் தமிழகத்தில் கள்ளுக்கடை மறியல் நடந்தது, பெரியார் ஈ. வெ. இராமசாமி தம் தென்னை மரங்களையே வெட்டச் செய்தார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து சீர்திருத்தம் பேசினார். 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க மாட்டோம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பட்டியலில் நின்றதைக் கருத வேண்டும். குடியை ஒழித்தல் அவர்களுக்கு ஒழுக்கச் செய்தி மட்டுமன்று. தலை நிமிர்ந்து நிற்பதன் ஒரு கூறு. பின்னர் வந்த சப்பானியர் காலத்தில் தோட்டத்து இளைஞர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து அணிவகுக்கக் கற்றனர்.

போர் முடிந்தபின் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர் சீருடை அணிந்து பயிற்சி செய்தனர், குடிப்போரைத் தடுத்தனர், சில வேளை தண்டிக்கவும் செய்தனர். தண்டித்தது சரியா என்பது வேறு வழக்கு. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் நடந்த மறியல் போலீசாருடன் கைகலப்பாகி, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மார்ச்சுத் தொடக்கத்தில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் மேலும் ஒருவர் மாண்டார். சாமியும் கைதானார்.

குடிக்க மாட்டோம் என்றவரை அரசு ஏன் அஞ்சியது? சீருடையில் அணிவகுத்தவர்கள் தங்களுக்குள் தாங்களே ஆணை பிறப்பித்துக் கொண்டார்கள். தோட்டத்தில் ஆணையிடும் உரிமை அதுவரை துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்குமே இருந்தது. 1948 சூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் தோட்டங்களில் கூட்டம் கூடுவதே அரிதாயிற்று. கள்ளுக்கடைகளோ 1957இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் பல ஆண்டுகள் திறந்தே இருந்தன.